பீரோவை நகர்த்தினால் விளக்கு அணையும்: ஓர் அரசு அலுவலகத்தில் கற்றவை

அரசு அலுவலகங்களில் சுவிட்ச் போர்டுக்கு மேலே 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதற்குக் கீழேயே நடுப்பகலில் ஆறு டியூப் லைட் எரிந்துகொண்டிருக்கும். இதைப் பார்க்கிற பலரும் இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அக்கறையே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் மாவட்ட அளவிலான ஓர் அலுவலகத்தில் 'அ' பிரிவின் கண்காணிப்பாளராக இருந்தேன். கட்டடம், மேசை நாற்காலி, எழுதுபொருள், மின் கட்டணம், ஜீப் என்று எல்லாமே அந்தப் பிரிவின் பொறுப்பு. அந்த இருக்கையில் இருந்து பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: அக்கறை இருக்கிறது, நடைமுறைதான் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒரு விளக்கு ஏன் பகலில் எரிகிறது என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஏதாவது ஒரு பதிவேட்டிலோ, படிவத்திலோ, யாரும் போடத் தயங்குகிற ஒரு கையெழுத்திலோ போய் முட்டும். அங்கே கை வைக்காமல் ஸ்டிக்கர் ஒட்டிப் பயனில்லை.

எங்கள் கட்டடம் பழையது. உயரமான கூரை, ஆளுயர சன்னல்கள், இரண்டு பக்கமும் தாழ்வாரம். கட்டியவர்கள் காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரட்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் நான் பொறுப்புக்கு வந்தபோது பாதிக்கு மேற்பட்ட சன்னல்களை இரும்பு பீரோக்கள் அடைத்துக்கொண்டிருந்தன. பீரோவின் தலையிலும் துணியில் கட்டிய கோப்புக் கட்டுகள். அதனால்தான் பகலிலும் லைட், அதனால்தான் புழுக்கம், அதனால்தான் எல்லா ஃபேனும் முழு வேகத்தில். சரி, பீரோவை ஏன் சன்னலுக்கு முன்னால் வைத்தார்கள்? பதிவறையில் இடமில்லை. அங்கே ஏன் இடமில்லை? என்றைக்கோ அழித்திருக்க வேண்டிய கோப்புகள் அங்கேயே கிடக்கின்றன.

அரசு அலுவலகத்தில் வேலை பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரு கோப்பை முடிக்கும்போதே அதை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று குறித்துவிடுவார்கள். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். காலம் முடிந்ததும் பட்டியல் எடுத்து, அலுவலரின் ஒப்புதல் வாங்கி அழிக்க வேண்டும் என்று நடைமுறை நூலிலேயே இருக்கிறது. ஆனால் யாரும் செய்வதில்லை. நாளைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால்? நீதிமன்றத்தில் கேட்டால்? தணிக்கைக்கு வந்தவர் கேட்டால்? கோப்பை வைத்திருந்ததற்காக யாரும் மெமோ வாங்கியதில்லை, அழித்ததற்காக வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான், அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஒவ்வொரு பிரிவும் தன் பழைய கோப்புகளைப் பட்டியலிட்டது. அப்புறம் ஒவ்வொன்றிலும் மூன்றே கேள்வி: இதில் வழக்கு நிலுவையில் இருக்கிறதா, தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபணை, நிலுவையில் இருக்கிறதா, யாருடைய பணிக்காலத்தையோ ஓய்வூதியத்தையோ நில உரிமையையோ இது தொடுகிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் காலம் முடிந்திருந்தாலும் கோப்பு இருக்கட்டும். மூன்றுக்கும் இல்லை என்றால் அழிக்க வேண்டியவற்றின் பட்டியலுக்குப் போகும். பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் பிரிவு எழுத்தரும் கண்காணிப்பாளரும் கையெழுத்துப் போட்டோம், அலுவலகத் தலைவர் ஆணை பிறப்பித்தார். பட்டியல் நிரந்தரமாக இருக்கும், யார் கேட்டாலும் இந்தக் கோப்பு இந்த ஆணைப்படி அழிக்கப்பட்டது என்று பதில் சொல்லலாம் என்றதும் ஊழியர்களிடம் இருந்த தயக்கம் போய்விட்டது. காகிதத்தை எரிக்கவில்லை. பெயரும் கையெழுத்தும் தெரியாதபடி துண்டு துண்டாக நறுக்கி, மறுசுழற்சிக்கு எடுப்பவருக்கு ஒப்பந்தப்புள்ளி மூலம் விற்று, வந்த தொகையைக் கருவூலத்தில் செலுத்தினோம்.

பீரோக்கள் காலியாயின. காலியானதை நகர்த்தினோம். சன்னல் கீல்கள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன, தச்சர் வந்து எண்ணெய் போட்டு, உளுத்த சட்டங்களை மாற்றித் தந்தார். எந்தக் கருவியும் வாங்காமல், மின்சாரத்துக்கென்று ஒரு பைசா செலவழிக்காமல், பகலில் பாதி விளக்குகள் தேவையில்லாமல் போயின. என்னைக் கேட்டால் எல்லா அரசு அலுவலகத்திலும் சோலார் பேனலுக்கு முன்னால் பதிவறையைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் விளக்குகள் உடனே அணையவில்லை. ஒரே சுவிட்சில் சன்னலோர விளக்கும் உள்பக்க விளக்கும் சேர்ந்து இருந்தன. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வெளிச்சம் வேண்டும் என்றால் சன்னலோரத்திலும் எரிந்தே ஆக வேண்டும். அதைப் பிரிக்க வயரிங்கில் கை வைக்க வேண்டும். கட்டடம் பொதுப்பணித் துறையுடையது, மின் வேலையும் அவர்களுடைய மின் பிரிவின் பொறுப்பு, கட்டணம் மட்டும் எங்கள் கணக்குத் தலைப்பில். நாங்கள் மிச்சப்படுத்துவதால் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. எங்களுக்கும் அந்தப் பணம் திரும்பி வரப்போவதில்லை, நிதியாண்டு முடிவில் மீதியை ஒப்படைக்க வேண்டியதுதான். ஆகையால் அரசு அலுவலகத்துக்குள்ளே 'பணம் மிச்சமாகும்' என்ற பேச்சு எடுபடாது. நானும் அப்படிப் பேசுவதை நிறுத்திவிட்டேன். புழுக்கம் குறையும், கண் வலிக்காது, கோப்பு தேடும் நேரம் மிச்சமாகும் என்று சொன்னபோதுதான் ஆட்கள் காது கொடுத்தார்கள். வயரிங் வேலைக்கும் தனியாகக் கடிதம் எழுதிக் காத்திருக்காமல், ஆண்டுப் பராமரிப்பு மதிப்பீடு தயாரிக்கும் சமயத்தில் போய் உட்கார்ந்து, சுவிட்ச் பிரிப்பதையும் ஒரு இனமாகச் சேர்க்கச் சொன்னோம். உதவிப் பொறியாளர் உடனே சேர்த்துக்கொண்டார். மதிப்பீடு போன பிறகு கேட்டிருந்தால் அடுத்த ஆண்டுதான்.

இன்னொரு வேலை எந்த அலுவலகத்திலும் நாளைக்கே தொடங்கலாம், அது மீட்டரைப் பார்ப்பது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் மொத்த யூனிட் தெரியும், அது எங்கே போனது என்று தெரியாது. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் பூட்டும்போது மீட்டர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், திங்கள்கிழமை காலை திறந்ததும் மறுபடி எழுதுங்கள். ஆளே இல்லாத நேரத்தில் ஓடியது எவ்வளவு என்று தெரிந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் குளிர்நீர் இயந்திரம் சனி, ஞாயிறு முழுக்கக் குளிர்ந்துகொண்டிருந்தது. ஜெராக்ஸ் இயந்திரம் சூடு ஆறாமல் காத்திருந்தது. கம்ப்யூட்டர்கள் உறங்கினவே தவிர அணையவில்லை, யூபிஎஸ் எல்லாம் பச்சை விளக்கோடு இருந்தன. கழிப்பறை விளக்கைச் சொல்லவே வேண்டாம்.

இரவுக் காவலரிடம் ஏன் அணைக்கவில்லை என்று கேட்டேன். "எதை அமத்தினா எது நின்னு போகும்னு தெரியல மேடம், ஒருக்கா கேமராவை நிறுத்திட்டேன்னு திட்டு வாங்கினேன்" என்றார். அதனால் ஸ்டிக்கர் ஒட்டும் முறையையே திருப்பிப் போட்டோம். கண்காணிப்புக் கேமரா, இணைய இணைப்புப் பெட்டி, வருகைப் பதிவுக் கருவி இந்த மூன்றின் சுவிட்சுக்கும் சிவப்புத் தாள் ஒட்டி, 'இதை மட்டும் அணைக்கக் கூடாது' என்று எழுதினோம். மற்றதை எல்லாம் தைரியமாக அணைக்கலாம். அதன்பிறகு அவர் ஒருநாளும் விட்டதில்லை. அடுத்த பில்லிலேயே குறைவு தெரிந்தது.

விசிறிக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன், அலுவலரிடம் குறிப்பு வைக்க உதவும். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி என்கிற, குறைவாக மின்சாரம் எடுக்கும் மோட்டார் வைத்தது 30 வாட் அளவில் ஓடும். வித்தியாசம் 45 வாட். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 வேலை நாள் என்று வைத்தால் ஒரு விசிறிக்கு 90 யூனிட். நாற்பது விசிறி இருக்கிற அலுவலகத்தில் ஆண்டுக்கு 3,600 யூனிட். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பதால் அது இரண்டரை டன். இதற்காக ஓடுகிற விசிறியை எல்லாம் கழற்றிப் போட வேண்டியதில்லை. காயில் எரிந்து ரீவைண்டிங்குக்குப் போகிற ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு பிஎல்டிசி வாங்கினால் சில ஆண்டுகளில் தானாக மாறிவிடும். ஒரு எச்சரிக்கை: ரிமோட்டில் மட்டும் வேகம் மாறுகிற மாதிரியை அரசு அலுவலகத்துக்கு வாங்காதீர்கள். ரிமோட் ஒரு மாதத்தில் காணாமல் போகும், அப்புறம் விசிறி ஒரே வேகத்தில்தான். சுவரில் இருக்கும் சுவிட்சிலேயே வேகம் மாற்றக்கூடிய மாதிரிகள் கிடைக்கின்றன.

கொள்முதல் என்றதும் ஞாபகம் வருகிறது. அரசு கொள்முதலில் குறைந்த விலை சொன்னவருக்குத்தான் போகும், அதை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஆனால் என்ன பொருள் வேண்டும் என்று எழுதுவது நம் கையில்தான் இருக்கிறது. 'பிரிண்டர் ஒன்று' என்று எழுதினால் ஒருபக்கம் மட்டும் அச்சிடுகிற மலிவான இயந்திரம் வந்து சேரும், ஐந்தாறு ஆண்டு அது இரட்டிப்புத் தாளைத் தின்னும். 'தானாக இருபக்கம் அச்சிடும் வசதி' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போட்டி போடுகிற எல்லோரும் அதைத்தான் கொடுப்பார்கள். விசிறிக்கு அதிகபட்ச வாட், ஏசிக்கு நட்சத்திரக் குறியீடு, கம்ப்யூட்டருக்கு உத்தரவாத ஆண்டுகள் எல்லாம் அப்படித்தான். ஒரு அலுவலகம் அடுத்த பத்தாண்டுகளில் எவ்வளவு மின்சாரமும் தாளும் செலவழிக்கும் என்பதை இளநிலை உதவியாளர் ஒருவர் மதிய நேரத்தில் அடிக்கிற அந்தப் பக்கம்தான் தீர்மானிக்கிறது. அதை யாரும் சரியாகப் படிப்பதில்லை என்பது எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

ஏசி பற்றிச் சுருக்கமாக. 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வருகிற நட்சத்திரக் குறியீட்டு ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி இருக்கிறது. அலுவலகங்களில் இருப்பவற்றில் பல அதற்கு முந்தியவை, 18-இல் வைத்துவிட்டுக் கதவையும் திறந்து வைத்திருப்பார்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு சொல்கிறது. 26-இல் வைத்து விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் வேட்டி கட்டியவருக்கும் கோட் போட்டவருக்கும் சரியாக இருக்கும். இதை ஊழியர் சொன்னால் நடக்காது, அலுவலகத் தலைவர் தன் அறையில் முதலில் செய்தால் ஒரே வாரத்தில் எல்லா அறையிலும் நடக்கும்.

காகிதத்துக்கு வருவோம். மின் அலுவலகம், அதாவது கோப்புகளைக் கணினியிலேயே நகர்த்தும் இ-ஆபீஸ் முறை, வந்தபோது தாள் செலவு பாதியாகும் என்று நினைத்தோம், சில பிரிவுகளில் முன்பைவிடக் கூடியது. ஏன் என்று பார்த்தால், கோப்பு கணினியில் வரும், அதை அச்சிடுவார்கள், அலுவலர் பேனாவால் திருத்துவார், திருத்தியதை மறுபடி அடித்து, மறுபடி அச்சிட்டு, கையெழுத்தாகி, ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். சோம்பலால் அல்ல. எங்களில் பலர் தட்டச்சுப் பள்ளியில் பழைய தட்டச்சுப்பொறி விசைப்பலகையில் தமிழ் கற்றவர்கள். அலுவலர்களில் பலருக்குத் தமிழில் அடிக்கவே பழக்கமில்லை, பேனா எடுப்பதுதான் அவர்களுக்கு விரைவு. அதோடு எழுத்துருச் சிக்கல். வானவில் எழுத்துருவில் அடித்த கடிதம் அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியலாகத் தெரியும். அதனால் அச்சிட்டு, ஸ்கேன் செய்து, படமாக அனுப்புவதே பாதுகாப்பு என்று ஆகிவிட்டது. எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து மாறாத ஒருங்குறியை (யூனிகோட்) பயன்படுத்தச் சொல்லி 2010-லேயே அரசாணை வந்துவிட்டது. ஆனாலும் அலுவலகத்தில் எல்லோரும் பயன்படுத்துகிற முன்மாதிரிக் கடிதங்கள் எல்லாம் பழைய எழுத்துருவில் இருக்கும்வரை புதிதாக அடிப்பதும் அதிலேயே தொடரும்.

ஆகவே முன்மாதிரிகளை மாற்றினோம். நினைவூட்டுக் கடிதம், அறிக்கை கோரும் கடிதம், விடுப்பு ஆணை, ஊதிய உயர்வு ஆணை, கூட்ட அழைப்பு என்று அடிக்கடி பயன்படுகிறவற்றை மட்டும் ஒருங்குறிக்கு மாற்றி எல்லாக் கணினியிலும் போட்டோம். ஆர்வமுள்ள ஒரு இளநிலை உதவியாளர் மதிய உணவுக்குப் பிறகு கொஞ்ச நேரம் தமிழ்99 விசைப்பலகை சொல்லிக்கொடுத்தார். குறில், நெடில், மெய் எல்லாம் ஓர் ஒழுங்கில் இருப்பதால் புதிதாகக் கற்பவருக்கு அது எளிதாகக் கை வந்துவிடுகிறது. அலுவலருக்குப் பெரிய திரை ஒன்று வாங்கித் தந்தோம், ஒரு பாதியில் கடிதம், மறு பாதியில் கோப்பு. இந்த மூன்றும் சேர்ந்த பிறகுதான் தாள் உண்மையில் குறைந்தது. காகிதத்தைக் குறைப்போம் என்ற சுற்றறிக்கை அதற்கு முன்பு பலமுறை வந்திருந்தது, ஒவ்வொரு முறையும் எல்லாப் பிரிவுக்கும் அச்சிட்டுத்தான் கொடுத்தார்கள்.

செயல்முறை ஆணைகளின் கடைசியில் நகல் பட்டியல் இருக்கும், அதன் கடைசி வரி 'உபரி 2'. யாருக்கு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எப்போதாவது தேவைப்படும் என்று என்றைக்கோ சேர்த்தது, முன்மாதிரியோடு சேர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. அந்த வரியை எடுத்தோம், யாரும் கவனிக்கவே இல்லை. ஆய்வுக் கூட்டப் புத்தகம் இன்னொன்று. நாற்பது பக்கம், ஒருபக்க அச்சு, வருகிறவர் முப்பத்தைந்து பேர் என்றால் 1,400 தாள். ஏ4 தாள் ஒன்று 5 கிராம் வருமா, ஆக 7 கிலோ காகிதம், ஒரே ஒரு கூட்டத்துக்கு. கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் துறைப் பக்கத்தை மட்டும் புரட்டுவார்கள், முடிந்ததும் நாற்காலியிலேயே விட்டுப் போவார்கள். திரையில் காட்டிவிட்டு, அவரவர் பக்கத்தை மட்டும் இருபக்க அச்சில் கொடுத்தோம். சிலர் இந்தத் தாள் கரூர் மாவட்டம் புகளூர் ஆலையில் கரும்புச் சக்கையில் செய்ததுதானே, மரம் எங்கே வெட்டினார்கள் என்பார்கள். சக்கையில் செய்வது பெரிய விஷயம்தான். ஆனால் மரக்கூழும் அங்கே சேர்கிறது, எதில் செய்தாலும் தண்ணீரும் நீராவியும் மின்சாரமும் வேண்டும். அச்சிடாத தாளுக்கு இணை கிடையாது.

தண்ணீர் பாட்டில் விவகாரத்தில் நான் முக்கியமாகக் கற்றது வேறொன்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்குத் தடை இருக்கிறது. தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அதில் அடக்கம், சின்னத் தண்ணீர் பாட்டில் இல்லை. கூட்டங்களில் பாட்டிலை நிறுத்திவிட்டு எவர்சில்வர் டம்ளரும் ஜக்கும் வைக்கலாம் என்று முடிவெடுத்தபோது எல்லோரும் பாராட்டினார்கள். அலுவலகத்தில் தூய்மைப் பணி செய்யும் அக்கா மட்டும் அன்றைக்கு மாலை என் மேசைக்கு வந்து, "அத்தனை டம்ளரையும் யார் கழுவுறது மேடம்?" என்று கேட்டார். கழிப்பறைக்குப் பக்கத்துக் குழாயில் குனிந்து உட்கார்ந்துதான் அவர் பாத்திரம் கழுவ வேண்டும், அவருக்கு முழங்கால் வலி. சம்பளமோ தினக்கூலி. பசுமை முயற்சி என்ற பெயரில் நாம் எடுக்கிற பல முடிவுகளின் சுமை இப்படித்தான் கடைசிப் படியில் இருப்பவர் முதுகில் போய் விழுகிறது. அது அநியாயம், அப்படிச் செய்தால் நிலைக்கவும் நிலைக்காது.

தாழ்வார ஓரத்தில் நின்றபடி கழுவும் உயரத்தில் ஒரு தொட்டி கட்டினோம், வடிகட்டும் தட்டு வைத்தோம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் தண்ணீர் பாட்டிலோடு வரும்படி அழைப்புக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்தோம், நிரப்பிக்கொள்ள வாசலில் இயந்திரம். தேநீர்க் குவளை மட்டும்தான் கழுவ வேண்டியிருந்தது, அதையும் அலுவலக உதவியாளர்கள் முறை வைத்துச் செய்தார்கள். சுத்திகரிப்பு இயந்திரம் வெளியேற்றும் தண்ணீர் குடிக்கக் கிடைப்பதைவிட அதிகம், அதுவரை சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு ஒரு குழாய் போட்டு, தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் திருப்பினோம்.

ஜீப் கதையும் இதேபோலத்தான். அலுவலர் கூட்டத்துக்குள் போனால் வெளியே வண்டி ஏசியோடு ஓடிக்கொண்டே நிற்கும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கரியமில வாயு. ஓட்டுநரைக் கண்டித்து என்ன பயன்? சித்திரை வெயிலில் அவருக்கு உட்கார வேறு இடமே இல்லை. புங்க மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சும், பக்கத்து அறையில் ஒரு விசிறியும் கொடுத்தோம். எஞ்சின் நின்றது. அதைவிடப் பெரிய செலவு 'தனி நபர் மூலம் உடனே அனுப்பிவைக்கவும்' என்று வருகிற கடிதங்கள். மின்னஞ்சலில் போன அதே அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் இரவு பஸ் ஏறிச் சென்னைக்குப் போய், ஒப்புகை வாங்கி, மறுநாள் இரவு திரும்புவார். இது எங்கள் கையில் இல்லை. ஆனால் நாங்கள் எங்கள் சார்நிலை அலுவலகங்களுக்கு எழுதும் கடிதங்களில் இருந்து அந்த வரியை எடுக்க முடிந்தது. மேலே இருந்து வருவதை மாற்ற முடியாதவர்களும் கீழே அனுப்புவதை மாற்றலாம்.

பழுதான பொருட்கள் விஷயத்தில் பொறுமை வேண்டும். மாடிப்படிக்கு அடியில் பழைய பெட்டி மானிட்டர்களும் செத்த யூபிஎஸ்களும் குவிந்து கிடந்தன, இருப்புப் பதிவேட்டில் இருக்கும் எண்ணும் பொருளின் மேல் எழுதிய எண்ணும் ஒத்துப்போகாததால் கழிவு செய்ய முடியவில்லை. முதலில் பதிவேட்டைச் சரிசெய்யுங்கள், அது தீர்ந்தால் மற்றது ஓடிவிடும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். கூடுதல் விலை கிடைக்கிறதே என்று காயலான் கடைக்குப் போட்டால் வயரை எரித்துச் செம்பு எடுப்பார்கள், அந்தப் புகையை யாரோ ஒரு குழந்தை சுவாசிக்கும். யூபிஎஸ் பேட்டரியைப் புதியது வாங்கும்போதே பழையதைத் திருப்பிக் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம், கொள்முதல் ஆணையில் எழுதிவிடுங்கள்.

குவியலில் பிரம்பு அறுந்த பழைய தேக்கு நாற்காலிகளும் இருந்தன. புதிதாக பிளாஸ்டிக் நாற்காலி வாங்கக் குறிப்பு தயாராகியிருந்தது. அதை நிறுத்தி, பிரம்பு பின்னும் இரண்டு பேரை வரவழைத்தோம், இருவரும் பார்வையற்றவர்கள். தாழ்வாரத்தில் உட்கார்ந்து, நனைத்த பிரம்பை விரலால் தடவித் துளை கண்டு, மேலும் கீழுமாகவும் குறுக்காகவும் இழுத்து, கண்ணிகள் ஒரே அளவில் விழ அவர்கள் பின்னியதை ஊழியர்கள் வேலையை விட்டு வந்து பார்த்தார்கள். சட்டங்கள் தேக்கு, இன்னொரு தலைமுறை உழைக்கும். முதுகு வியர்க்காத நாற்காலி என்பதால் இப்போது அதற்குத்தான் போட்டி.

கடைசியாக ஒன்று, இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது என்று நினைக்கிறேன். எங்கள் மின் கட்டணத்திலும் தாள் இருப்பிலும் வராத ஒரு செலவு இருக்கிறது: மனுவோடு வருகிறவர்களின் ஜெராக்ஸும் பஸ் பயணமும். குடும்ப அட்டை நகல், ஆதார் நகல், அதுவும் மூன்று செட், சான்றொப்பத்தோடு. ஒன்று குறைந்தாலும் முப்பது கிலோமீட்டர் திரும்பிப் போய் வர வேண்டும், அவருக்கு ஒருநாள் கூலியும் போகும். ஒரு நாளில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பாருங்கள், அவர்கள் எல்லோரும் எடுத்துவரும் நகல்களோடு ஒப்பிட்டால் அலுவலகம் அச்சிடுவது ஒன்றுமே இல்லை.

நாங்கள் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கேட்கிற ஆவணங்களை எடுத்து, எது அரசாணையில் இருக்கிறது, எது வழக்கத்தில் சேர்ந்துகொண்டது என்று இரண்டாகப் பிரித்தோம். மூன்று செட்டில் இரண்டு செட் வழக்கத்தில் சேர்ந்தவைதான். அதை நிறுத்த யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. மீதி ஆவணப் பட்டியலைப் பெரிய எழுத்தில் வாசலிலும், கிராம நிர்வாக அலுவலகங்களிலும், இ-சேவை மையங்களிலும் ஒட்டினோம், 'இதற்கு மேல் எதையும் கேட்டால் 'அ' பிரிவு கண்காணிப்பாளரைப் பார்க்கவும்' என்ற வரியோடு. முதல் சில வாரங்கள் என் மேசைக்கு நிறையப் பேர் வந்தார்கள், அப்புறம் வருவது நின்றது. அரசாணையிலேயே இருக்கிற, ஆனால் தேவையில்லாத நகல்களைப் பற்றி விண்ணப்ப வாரியாகத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு முன்மொழிவு அனுப்பியிருக்கிறோம். நான் மாறுதலில் வந்த பிறகும் அந்தக் கோப்பு நடப்பில் இருக்கிறது, என் இருக்கைக்கு வந்தவர் நினைவூட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறார்.